ஊதாமல் தூக்கிய பியூகிள்

2024 யூன் 15, சனிக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். பதினொரு பாகை, தூறல். யூன் மாதத்துக்கு இது முறையான குளிர் இல்லை. ரூ பஜோல் என்ற தெருவில் என் வீட்டிலிருந்து கீழ்வாசலுக்கு எண்பத்திரண்டு படிகள், மின்தூக்கி கிடையாது. நீலச் சீருடை, தோளில் மஞ்சள் குஞ்சம், கையில் பியூகிள் ஊதுகுழலின் பெட்டி. எழுபத்தொரு வயதில் இந்தக் கோலத்தில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் மூலையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர் சொல்லிவிடுவார்.

"என்ன அண்ணை, இண்டைக்கு எந்த நாட்டைப் பிடிக்கப் போறியள்?"

"நோர்மாண்டிப் பக்கம்."

"பிடிச்சால் எனக்கும் ரெண்டு பரப்புக் காணி எழுதி விடுங்கோ."

வழக்கமாக இதற்கு ஏதாவது திருப்பிச் சொல்வேன். அன்று கோப்பையை எடுத்துக்கொண்டேன். தேத்தண்ணியை வாயின் வலப்பக்கத்தால் மட்டும் குடித்தேன். மேல்வரிசையில், நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டாவது பல் ஆடிக்கொண்டிருந்தது. காய்ந்த பாண் கோது கடித்ததில் தொடங்கிய ஆட்டம் அது. அன்றோடு ஏழு வாரமும் ஒரு நாளும்.

பொண்டி என்ற புறநகருக்கும் அப்பால் ஒரு சிறு நகரத்தின் பாண்ட் எங்களுடையது. மேளமும் பியூகிளும் மட்டுந்தான். கோடை முழுக்கப் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர்த் திருவிழாவில் முன்னால் நடந்து வாசிப்போம். பதினெட்டு மேளம், பன்னிரண்டு பியூகிள், இரண்டு சோடித் தாளம், தலைவர், செயலாளர்: முப்பத்து நாலு பேர். பஸ்ஸிலும் முப்பத்து நாலு இருக்கைதான். ஏற விரும்பும் மூன்று பேர் பட்டியலில் காத்திருக்கிறார்கள். ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏறலாம்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கடேற் பாண்டில் மூன்று வருடம் ஊதியிருக்கிறேன். பிறகு இங்கே முப்பத்தொரு வருடம் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் பெட்டி எண்ணினேன். ஓய்வு கிடைத்த ஆறாம் மாதம் இந்தப் பாண்டில் சேர்ந்தேன். பியூகிளில் அமுக்க ஒரு கட்டையும் இல்லை. மொத்தம் ஐந்து சுரம். ஐந்தையும் உதடும் பல்லும் சேர்ந்துதான் உண்டாக்க வேண்டும்.

பஸ் புறப்படுமுன் எங்கள் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை, நடுவழியால் நடந்துவந்து ஒவ்வொரு இருக்கையின் தலைப்பக்கத்தையும் தொட்டு எண்ணுவார். நான் இருபத்தேழு. என் பக்கத்தில் இருப்பவர் தாளக்காரர், ஏறியதும் தூங்கிவிடுவார். ஆறு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு முழுவதையும் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். ஆனாலும் அந்த இருக்கையில்தான் என்னை ஒருவர் எண்ணுகிறார். மற்ற நாட்களில் எண்ணுகிறவன் நான் மட்டுமே: படிகள், மாத்திரைகள், பக்கத்துச் சுவருக்கப்பால் இருமுகிறவரின் இருமல்கள்.

மனைவி நாலு வருடமாக ஆர்ஜொந்தெயில் மகளோடு இருக்கிறாள். அங்கே பேரப்பிள்ளைகள் மூன்று, படுக்கையறை இரண்டு. மாதத்தில் இரண்டு ஞாயிறு என்னிடம் வருவாள். மற்ற நாட்களில் தொலைபேசிதான்.

"இஞ்சாருங்கோ, ஏன் ஒரு மாதிரிக் கதைக்கிறியள்?" என்று அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய இரவு கேட்டாள்.

"குளிர்."

"குளிருக்கை ஏன் அந்தக் குழலைக் காவிக்கொண்டு திரியிறியள்? இஞ்சை வந்து இருங்கோவன்."

"அங்கை எனக்கு எங்கை கட்டில்?"

 

பல் ஆடத் தொடங்கிய பிறகு மூன்று ஊர்களில் நான் ஊதவே இல்லை. பன்னிரண்டு பேர் ஊதும்போது ஒருவன் குழலைத் தூக்கிக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றால் யாருக்கும் தெரியாது. வாகனத் தரிப்பிடத்தில் வட்டமாக நின்று ஒவ்வொருவராக ஒரு சுரம் ஊதிச் சுருதி பார்ப்பது மட்டுந்தான் ஆபத்து. அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போய்விடுவேன். என் வயதுக்காரனிடம் அதைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை.

அன்று போனது நாலாவது ஊர். தூறல் நிற்கவில்லை. எங்கள் முதல் அணிநடை மெட்டில் ஓர் இடம் வரும். பியூகிள்கள் தாழ்ந்திருக்க, மேளம் மட்டும் அறுபத்து நாலு அடிக்கு வாசிக்கும். அறுபத்தைந்தாவது அடியில் நாங்கள் ஊத வேண்டும். மற்றவர்கள் தலைவரின் கையைப் பார்த்துத் தூக்குவார்கள். நான் எண்ணித் தூக்குவேன். "எண்ணுங்கள், ஆனால் பார்க்கவும் செய்யுங்கள்" என்று தலைவர் எனக்கு மூன்று தரம் சொல்லியிருக்கிறார். ஆறு வருடத்தில் என் எண்ணிக்கை ஒரு தரமும் பிழைக்கவில்லை. ஆகவே முன்னால் நிற்பவரின் பிடரியைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை.

தேவாலயத்துக்கு முன்னால் வளைந்தபோது நாற்பத்தொன்றில் இருந்தேன். மேளச் சத்தம் சட்டென்று மெலிந்தது. மழையில் தோல் நனைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்து எண்ணினேன். அறுபத்து நாலில் தூக்கினேன். அறுபத்தைந்தில் கன்னத்தை உப்பினேன்.

பக்கத்தில் ஒரு குழல்கூட உயரவில்லை.

தேவாலய வாசலால் ஒரு சவப்பெட்டி வந்துகொண்டிருந்தது. நாலு பேர் சுமந்தார்கள். அதைக் கண்டு தலைவர் முஷ்டியை உயர்த்தியிருக்கிறார். பியூகிள் வேண்டாம், மேளத்தின் மரவிளிம்பில் மட்டும் தட்டு என்பது அதன் பொருள். பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள். தெரு முழுவதும் தடிகளின் டக், டக் மட்டும். அதன் நடுவே நான் ஒருவன், குழலை வானத்துக்குத் தூக்கி, கன்னம் உப்பி, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். பெட்டிக்குப் பின்னால் வந்த கறுப்புடைக் கிழவி என்னைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்து மெல்லத் தலை சாய்த்தாள். இறந்தவருக்கு நான் மரியாதை செய்வதாக அவள் எண்ணியிருக்க வேண்டும். குழலை இறக்க எனக்குக் கை வரவில்லை. அவள் கடந்து போகும்வரை இருபத்திரண்டு அடி அப்படியே நடந்தேன்.

பஸ்ஸடியில் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். நகரசபையின் பூங்காக்களில் வேலை செய்யும், நாற்பது வயது கடந்த மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"என் கையை நீங்கள் பார்க்கவில்லை."

"எண்ணிக்கொண்டிருந்தேன்."

"சரி. பார்க்கவில்லை என்றால் நீங்கள் ஊதியிருக்க வேண்டுமே. ஏன் ஊதவில்லை?"

என் நாக்கு தன்பாட்டில் ஆடும் பல்லைத் தொட்டது. உதடு அசைந்ததை அவர் கண்டுவிட்டார்.

"வாயைத் திறவுங்கள், மிசியே," என்றார். திறந்தேன். குதிரைச் சந்தையில் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எத்தனை ஊராக?"

"இன்றோடு நாலு."

"நாலு ஊர் நான் பதினொரு பியூகிளோடு நடந்திருக்கிறேன்," என்றார். "எனக்கு வித்தியாசமே தெரியவில்லை."

அவர் அதைத் தன் காதைக் குறை சொல்லித்தான் சொன்னார். எனக்கோ அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

"செப்டம்பருக்குள் பல்லைச் சரிசெய்துகொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் பியூகிளைத் திருப்பித் தரவேண்டி வரும். காத்திருக்கிற மூன்று பேருக்கும் பல் இருக்கிறது."

பல் வைத்தியர் பாண்டிச்சேரிப் பெண், இரண்டு தெரு தள்ளி இருப்பவர். "இத எடுத்துத்தான் ஆகணும் ஐயா," என்றார். "கழட்டி மாட்டுற செட்டுன்னா நீங்க ஊத முடியாது. ரெண்டு பக்கப் பல்லையும் புடிச்சு நிரந்தரமா கட்டணும். மியூத்துவெல் இருக்கில்ல?"

அரசாங்கம் தருவது போக மிச்சத்தைக் கட்டும் அந்தக் காப்புறுதி என்னிடம் பத்து வருடம் இருந்தது. பத்து வருடமும் எனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று கூட்டிக் கழித்துப் பார்த்து, ஆறு மாதத்துக்கு முன்தான் நிறுத்தியிருந்தேன்.

"இல்லை," என்றேன்.

பல்லை எடுத்தாயிற்று. யூலையில் பாண்ட் நான் இல்லாமல் இரண்டு ஊருக்குப் போனது. இரண்டு சனிக்கிழமையும் ஐந்து மணிக்கு விழித்துவிட்டேன். எண்பத்திரண்டு படி இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு, எண்பத்திரண்டு படி ஏறினேன். கடைக்காரர் என் சாதாரணச் சட்டையைப் பார்த்து, "என்ன அண்ணை, போர் நிறுத்தமோ?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் கோயில் தேர் தெருவால் வந்தது. தெரு முழுக்க எங்கள் சனம், உடைத்த தேங்காயில் கால் வழுக்கியது. தெரிந்தவர்கள் பதினான்கு பேர் சுகம் விசாரித்தார்கள். பல் இருந்த இடத்தை உதட்டால் மூடிக்கொண்டு பதினான்கு தரமும் "ஓம்" என்றேன். ஒருவரும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. யூலையில் பஸ்ஸில் என் இருபத்தேழாம் இலக்கத்தில் யார் இருந்தார் என்பதுதான் அப்போதும் மனதை அரித்தது.

செப்டம்பர் 14, சனிக்கிழமை. பஸ் ஏறுமுன் வட்டமாக நின்று சுருதி பார்த்தார்கள். நான் கழிப்பறைக்குப் போகவில்லை. புதிய பல்லில் உதடு பதியவில்லை. ஐந்து சுரத்தில் நடுவிலுள்ள மூன்று வந்தன. கீழது காற்றாகப் போனது, மேலது வரவே இல்லை.

தலைவர் காத்திருந்தார். மேலதை மீண்டும் முயன்றேன். எச்சில்தான் வந்தது.

"மூன்று போதும்," என்றார். "மற்ற இரண்டும் வரும்போது குழலைத் தூக்குங்கள், ஊதாதீர்கள். அதில் உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது."

பதினொரு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல் தெரிய.

பஸ்ஸில் தாளக்காரர் ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தார். செயலாளர் எண்ணிக்கொண்டு வந்தார். என் இருக்கையின் தலைப்பக்கத்தைத் தொட்டு "இருபத்தேழு" என்றார்.  நான் இரண்டு ஊர் வராமல் இருந்ததை அவர் கவனித்தாரோ தெரியாது. இருபத்தெட்டு என்று சொல்லிக்கொண்டு அப்பால் போனார்.

பல்லுக்கு வைத்தியர் எழுதிய பில் ஆயிரத்து நானூற்று அறுபத்தைந்து யூரோ. அரசாங்கம் தந்தது நூற்று அறுபத்தேழு யூரோ எழுபது சதம். மியூத்துவெல் கட்டியிருக்கும் மிச்சம், என் கையால் போனது ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு யூரோ முப்பது சதம்.