சும்மா இருந்த சிப்பிகள் செத்த கதை

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவனின் முதல் கடமை, ஊர் நம்பிக்கொண்டிருப்பதை மறுப்பது. ஆகவே மறுக்கிறேன். தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் உதிர்ந்து விழுகிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். விழுவதில்லை. எந்தக் குளத்தின் அடியிலும் உதிர்ந்த வால்கள் குவிந்து கிடப்பதாக இதுவரை தகவல் இல்லை. வாலில் உள்ள உயிரணுக்கள், உத்தரவு வந்ததும், தங்களைத் தாங்களே பிரித்துப் போட்டுக்கொள்கின்றன. துண்டுகளை அக்கம்பக்கத்து அணுக்கள் விழுங்கிவிடுகின்றன. இந்தப் பிரிப்பு வேலையைச் செய்யும், புரதத்தை வெட்டும் நொதிகளுக்குக் காஸ்பேஸ் என்று பெயர்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில், முத்துச் சிப்பியின் செவுளில் இந்தக் காஸ்பேஸ்களைத் தேடுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. சோதனைக் குழாய்களோடு மல்லுக்கட்டும் சக துன்பவாசிகளுக்கு என் நிலைமை புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். என் வீட்டிலும் அதுதான் நடக்கிறது.

அப்பாவின் விளக்கம்

அப்பாவுக்கு ஆறுமுகநேரியில் மளிகைக் கடை. ஒருநாள் நான் கடையில் இருந்தபோது, சீனி வாங்க வந்தவர் என்னைக் காட்டி, "பையன் என்ன செய்யுதான்?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "கடல் சூடாச்சுன்னா சிப்பி எப்படிச் சாகுதுன்னு பாக்கான். அஞ்சு வருசமா பாக்கான்."

சிப்பி அல்ல, சிப்பியின் அணு என்று நான் திருத்தினேன். அது வெடித்துச் சாவதில்லை, முறைப்படி சாகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். சீனிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அதச் சட்டியில போட்டாத் தெரிஞ்சிட்டுப் போகுது. இதுக்கு எதுக்கு அண்ணாச்சி அஞ்சு வருசம்?"

உயிரோடு வேண்டும்

எனக்குச் சிப்பி தருபவர் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் அந்தோணி அண்ணாச்சி. சங்கோடு சேர்ந்து வரும் சில சிப்பிகளை எனக்கென்று எடுத்து வைப்பார். வள்ளம் கரைக்கு வரும் மத்தியானத்தில் நான் ஸ்கூட்டரோடு நிற்பேன். ஈரக் கோணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வர வேண்டும். ஒவ்வொரு சிப்பியையும் தட்டிப் பார்த்து, வாயை மூடுகிறதா என்று சோதித்துத்தான் வாங்குவேன்.

"கொல்லதுக்குத்தான தம்பி கொண்டு போறீங்க? உயிரோட வேணும்னு எதுக்கு இந்த அடம்?" என்றார் ஒருமுறை. நியாயமான கேள்வி. பாதிச் சிப்பிகளை வெந்நீரில் விடுவோம், மீதியைச் சாதாரணக் கடல் நீரில் சும்மா வைப்போம், அந்தச் சும்மா இருக்கும் கூட்டத்துக்குத்தான் கன்ட்ரோல் என்று பெயர், அது இல்லாவிட்டால் ஆய்வே இல்லை என்று விரிவாகச் சொன்னேன். அவர் வலையை உதறி, காயப்போட்டு, கையைத் துடைக்கும்வரை சொன்னேன். கடைசியில் அவர் சொன்னார்: "சும்மா இருக்க சிப்பிதான் வேணும்னா அத நான் கடல்லயே வச்சிருப்பேனே தம்பி."

பந்தல்காரர்

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. அதன் முதலாளி முருகேசன் அண்ணாச்சி என்னைச் 'சார்வாள்' என்பார். எனக்கு வகுப்பே கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. அந்த மரியாதைக்காகவே நான் அங்கே வண்டியை நிறுத்துவது வழக்கம்.

காஸ்பேஸை அவருக்குப் பந்தல் வைத்து விளக்கினேன். கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலை யாரும் கோடாலியால் வெட்டிச் சாய்ப்பதில்லை. முடிச்சு இருக்கும் இடத்தில் மட்டும் கயிற்றை அறுக்கிறார்கள். காஸ்பேஸும் அப்படித்தான், புரதச் சங்கிலியில் ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலத்துக்கு அடுத்த இடத்தில் மட்டும் வெட்டும். பந்தல் பிரிக்கும் ஆட்கள் முதலிலிருந்தே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் தூங்குகிறார்கள். ஆபத்து வந்ததும் ஒருவன் எழுந்து மற்றவனை எழுப்புகிறான். எழுப்புவது எப்படி என்றால், அவனையே கொஞ்சம் வெட்டி!

பெஞ்சில் இருந்தவர்கள் இரண்டாவது டீ சொன்னார்கள். நானும் சொன்னேன். ஒருவர் எழுந்து போனார், புதிதாக இருவர் வந்தார்கள், அவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எல்லாம் முடிந்ததும் முருகேசன் அண்ணாச்சி கண்ணாடி கிளாஸைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டார்: "அது சரி சார்வாள், இப்பம் ஆபத்து யாருக்கு?"

மஞ்சள்

ஆய்வுக்கூடத்தில் நடப்பது இது. சிப்பியின் செவுளை அரைத்து, வடித்து, அதில் ஒரு மருந்தைச் சேர்ப்போம். காஸ்பேஸ் விழித்திருந்தால் அது மருந்தை வெட்டும், நீர் மஞ்சளாகும். தூங்கினால் நிறமில்லை. வெந்நீர்ச் சிப்பி மஞ்சளாக வேண்டும், சும்மா இருந்த சிப்பி தெளிவாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் மஞ்சள். வாரா வாரம் மங்களகரமாக மஞ்சள்.

என் வழிகாட்டி மேடம் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது. சூட்டால்தான் அணுக்கள் சாகின்றன என்று நான் அவர்கள் முன் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பை மாற்றச் சொல்வார்கள், ஐந்து வருடமும் அம்போ. மேடம் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சும்மா வச்ச சிப்பிக்கு அப்படி என்ன மனக்கஷ்டம்? அதக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

தொண்டை கட்டிய வாரம்

பழியை யார் மேலாவது போட வேண்டுமே. கடல் நீர் மேல் போட்டேன், அமாவாசை மேல் போட்டேன், பக்கத்து மேசையில் ஆய்வு செய்யும் ஜெனிஃபரின் மருந்து அளக்கும் பிப்பெட் மேல்கூடப் போட்டேன். பிறகு ஒரு வாரம் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு சொல் வெளியே வரவில்லை. அந்தோணி அண்ணாச்சியிடம் கையைக் காட்டிச் சிப்பியை வாங்கினேன். பேச முடியாதவனுக்கு டீக்கடையில் என்ன வேலை? நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டேன்.

அன்று கன்ட்ரோல் பளிங்குபோல் தெளிந்திருந்தது. நான் ஆடாத குறை. சிந்தித்தேன், காரணத்தையும் கண்டுபிடித்தேன்: அன்று எடுத்த மருந்து பாட்டில். அதன் மேல் பெரிதாக 'நல்லது' என்று எழுதி, சைகையால் ஜெனிஃபருக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, போன வாரம் மஞ்சள் வந்ததும் இதே பாட்டில்தான்."

பின் இருக்கை

தொண்டை சரியாயிற்று. மஞ்சளும் திரும்பி வந்தது. குழு வர இரண்டு வாரம்தான் இருந்தது. ஜெனிஃபர், "நானும் ஒருநாள் கூட வாரேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சிப்பியைத் தட்டினேன், வாங்கினேன், கோணியில் சுற்றினேன். டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் புதியவர், காஸ்பேஸ் பற்றி எதுவுமே கேள்விப்படாதவர். அப்படி ஒருவரை எப்படி விட்டுவிட்டுப் போக முடியும்?

ஒருவன் மற்றவனை எழுப்பும் கட்டத்தில் இருந்தபோது ஜெனிஃபர் எழுந்து வெளியே போனாள். நாங்கள் கூரை நிழலில் இருந்தோம், ஸ்கூட்டர் தார் ரோட்டில் நின்றது. குனிந்து கோணியின் மேல் கை வைத்தாள். சட்டென்று எடுத்துவிட்டாள். கோணி வெயிலில் காய்ந்து சுட்டது. உள்ளேயிருந்து ஒரு சிப்பியை எடுத்துத் தட்டினாள். அது நெடுநேரம் யோசித்துத்தான் வாயை மூடியது.

லாரி டிரைவர் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெனிஃபர் சத்தம் போடவில்லை. "அண்ணே, நீங்க பந்தல் பிரிக்க ஆரம்பிச்சப்பவே இதுங்க பிரிக்க ஆரம்பிச்சிருச்சு."

குழு

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். சும்மா இருந்த சிப்பிகளின் மனக்கஷ்டம் நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "ஜெனிஃபர் கொண்டு வரட்டும். நீங்க குழாய் கழுவுங்க" என்றார். அடுத்த இரண்டு வாரமும் கன்ட்ரோல் தெளிவாகவே வந்தது. குழுவின் தலைவர் அதைப் பார்த்து மகிழ்ந்து, காஸ்பேஸ் எப்படி விழிக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். நான் பந்தலில் ஆரம்பித்தேன். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தலைப்பு தப்பியது, ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் மட்டும், "சிப்பிகள் வழியில் எங்கும் நிறுத்தப்படாமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டன" என்று மேடத்தின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது.