சம்பந்தியின் வீட்டுச் செருப்பு

என் சம்பந்தியின் பால்கனியைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பொறாமை வந்தது. திருவனந்தபுரத்தில் அந்தப் பால்கனியில் நின்றால் எதிரே பிரசவ ஆஸ்பத்திரி தெரியும். பாறசாலைப் பக்கம் என் மொட்டைமாடியில் நின்றால் ரப்பர் மரம் தெரியும். ரப்பர் மரம் பிரசவம் பார்க்காது.

முன்பு எங்கள் தெருமுக்கிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தார்கள். என் மகள் பிறந்தது அங்கேதான். வலி கண்டதும் மனைவி நடந்தே போய்ச் சேர்ந்தாள். நான்தான் பதறி ஆட்டோவில் போனேன். டாக்டர் கிடைக்கவில்லை என்று பிரசவ வார்டை இப்போது மூடிவிட்டார்கள். அந்த அறையில் என்னைப் போன்றவர்களுக்கு சுகர் பார்க்கிறார்கள். எங்கள் தெருவின் கர்ப்பிணிகளோ கடைசி மாதத்தில் நகரத்து உறவுக்காரர் வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறார்கள்.

தலைப்பிரசவம் பெண் வீட்டுப் பொறுப்பு. ஏழாம் மாதம் மகளைக் கூட்டிவரப் பலகாரத்தோடு போய் நின்றேன். சம்பந்தி சாந்தமாகச் சொன்னார்: "அண்ணா, அவ இங்கேயே நிக்கட்டு. அங்க ஆசுபத்திரி இல்லியே."

எனக்கு வயிறு எரிந்தது. "எனக்க கிட்ட வண்டி உண்டு. பறந்து வருவேனாக்கும்!"

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் பறந்து போக ஒத்திகை பார்த்தேன். ஒத்திகையில் மனைவிதான் கர்ப்பிணி. பின்சீட்டில் சிப்ஸ் பொட்டலத்தோடு ஏறிக்கொண்டாள். பாலராமபுரம் சந்திப்பில் வண்டிகள் அசையவில்லை. ஹாரனை அழுத்தினேன். சட்டை நனைந்தது. ஒத்திகை என்பதே மறந்துபோய், தலையை வெளியே நீட்டி அலறினேன்: "டெலிவரி கேஸ்! வழி விடுங்கலே!"

போலீஸ்காரர் ஓடிவந்து பின்சீட்டைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய கர்ப்பிணி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"ஆருக்கு டெலிவரி?"

அவள் என்னைக் காட்டினாள். "இவருக்காக்கும், சாரே. வலி தொடங்கியாச்சு."

வண்டியை ஓரங்கட்டியதும் நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நம்ம பிள்ளை வலியோட இந்த சீட்டில கெடந்தா என்ன செய்திருப்பிய?"

அங்கே நின்றபடியே சம்பந்தியைப் போனில் கூப்பிட்டு, "அவ அங்கேயே நிக்கட்டும், அண்ணே" என்று சொல்லிவிட்டாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரன் பிறந்த செய்தி வந்தபோது வீட்டிலிருந்து கிளம்பினோம். அதே சந்திப்பில் மறுபடி மாட்டினோம். மூச்சிரைக்க வார்டுக்குள் நுழைந்தால், சம்பந்தியின் கையில் குழந்தை. கையை நீட்டினேன்.

"முதல்ல இருங்க, அண்ணா. கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுங்க, பொறவு தாறேன்."

உட்கார்ந்தேன். குனிந்த கண்ணில் அவர் கால்கள் பட்டன. வீட்டில் போடும் ரப்பர் செருப்பு. ஒரு பக்கம் தேய்ந்து, வார் வெளுத்தது. சேதி கேட்டதும் அப்படியே ரோட்டைக் கடந்து நடந்து வந்திருக்கிறார். பால்கனியைக்கூட மன்னித்துவிடலாம். அந்தச் செருப்பை மட்டும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.