தூண்டில் முள்ளும் ரீசெட் பட்டனும்

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒரு பெட்டி இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் மட்டும் எல்லார் வாயிலும் நம் பெயர்தான். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

அடைப்பு எடுத்த கதை

மணப்பட்டில் அஞ்சலையக்காவின் மீன் கொட்டகை. எடை மெஷினும் பில் போடும் கம்ப்யூட்டரும் நாங்கள் மாட்டிக்கொடுத்த சுவிட்ச் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். ஒரு காலை நெட் மெதுவாக இருந்திருக்கிறது. எடை போடும் சேகர் பெட்டியில் ஒரு சின்ன ஓட்டையைக் கண்டு, அடைப்பு என்று முடிவு கட்டி, தூண்டில் முள்ளை நிமிர்த்தி உள்ளே விட்டுவிட்டார். அது ரீசெட் பட்டன். நாங்கள் போட்டுவைத்த செட்டிங் எல்லாம் அழிந்து, பெட்டி புதிதாக வாங்கி வந்த நிலைக்குப் போய்விட்டது.

வெளியே லாரி நிற்கிறது. பில் இல்லாமல் அது கிளம்பாது. கிளம்பாவிட்டால் அக்கா வாங்கிய மீன் அவ்வளவும் கெட்டுப்போகும். பைக்கை விரட்டிக்கொண்டு போய் இறங்கினேன். சேகர் நிம்மதியாகச் சொன்னார்: "நல்லா குடைஞ்சி பாத்துட்டேன் சார், உள்ள ஒண்ணும் இல்ல."

கலைவாணி எடுத்துவைத்த ஃபைல்

எங்கள் மூலக்குளம் ஆபீஸில் கலைவாணி என்றொரு பெண். எந்த சுவிட்சைத் தொட்டாலும், வேலை முடிந்ததும் செட்டிங் எல்லாம் அடங்கிய அதன் கன்ஃபிகரேஷன் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுவாள். ஊறுகாயா போடுகிறாய் என்று கிண்டல் செய்வோம். அன்று கொட்டகையிலிருந்து அவளிடம் நான் போன் பேசி முடிப்பதற்குள் அந்த ஃபைல் வந்து விழுந்தது. லேப்டாப்பிலிருந்து ஏற்றினேன். எடை கம்ப்யூட்டரில் ஏறியது, பில் வந்தது, லாரி கிளம்பியது. உண்மையிலேயே அவளுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

லேசில் யாரையும் பாராட்டாத அஞ்சலையக்கா சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு நல்ல வஞ்சிரமா ஒண்ணு எடுத்து வெக்கிறேன். நீ இன்னா, வண்டி ஓட்டிக்கினு வந்த, அவ்ளோதான."

பெட்டிக்குச் சொன்ன உத்தரவு

அடுத்த வாரம் அதே கொட்டகைக்கு கேமரா இணைக்க வேண்டியிருந்தது. கலைவாணி ஆபீஸில் இருந்தபடியே செட்டிங்கை மாற்றினாள். ஒரு வரி பிசகியது. சுவிட்ச் அவளையே வெளியே தள்ளிவிட்டது, எடை மெஷினும் நின்றது. மறுபடியும் லாரி, மறுபடியும் அக்காவின் போன். நான் பைக் சாவியை எடுத்தேன். அவள் உட்காரச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாக அணைந்து எழுந்து, பழைய செட்டிங்கோடு ஓடத் தொடங்கியது. கை வைப்பதற்கு முன்பே அதற்கு உத்தரவு போட்டிருக்கிறாள்: "குறித்த நேரத்துக்குள் நான் திரும்ப வந்து வேண்டாம் என்று சொல்லாவிட்டால், சேமித்த ஃபைலை வைத்து நீயே மறுபடி ஆரம்பி." நான் பைக் சாவியைக் கீழே வைத்தேன். அவள் சொன்னாள்: "நான் தப்பு பண்ணுவேன்னு எனக்குத் தெரியும்ணா. அதான் முன்னாடியே அதுகிட்ட சொல்லி வெச்சிடறது."

இப்போதெல்லாம் எந்தப் பெட்டியைத் தொடும்முன்னும் நான் சொதப்பப்போகிறேன் என்று அதனிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்; நம் தொழிலில் தன்னம்பிக்கையைவிட அதுதான் லாரியைக் கிளப்புகிறது.