படகோட்டி பேசுகிறார் என்று ஒரு புகார்

என் அண்ணன்மேல் வரும் புகார்களை வாங்கிக்கொள்வதும் என் வேலைதான். ஏரிக்கரையில் டிக்கெட் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவள் நான். வருகிறவர்களின் ஆசையும் என்னிடம்தான், ஆத்திரமும் என்னிடம்தான். "உங்க படகுக்காரர் வாயே மூடலைங்க. புத்தகத்துல அவர் ஊமைதானே?" என்பார்கள். "திடீர்னு துடுப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்களையும் பேச விடாம காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்துடுறார்" என்பார்கள். எழுதிக் கொடுங்கள் என்பேன். எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் ஜன்னல் கண்ணாடி துடைக்கிறேன்.

இந்த ஏரியை வைத்து ஓர் எழுத்தாளர் நாவல் எழுதினார். அவர் இங்கே தங்கியது ஒரே வாரம், அதிலும் பாதி நாள் ஜலதோஷத்தோடு படுக்கையில். எங்கள் அம்மாதான் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்ததை வைத்து அத்தனை பக்கம் எழுதியிருக்கிறார், அந்தத் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். ஏரி நடுவே தீவு, தீவில் ஒரு சிவப்பு மாளிகை, அங்கே வராத காதலனுக்காகக் காத்திருக்கும் பெண், அவளுக்கு ஒத்தாசையாக ஒரு கிழட்டு ஊமைப் படகோட்டி. ஒரு பனி மூடிய மாலையில் அவள் தனியே படகை எடுத்துக்கொண்டு போய்த் தொலைந்துவிடுகிறாள். கரையில் நின்று எல்லாரும் "கரைக்கு வா, கரைக்கு வா" என்று கூப்பிடுகிறார்கள். பதில் இல்லை. கதை முடிந்தது. படித்தவர்கள் அழுதார்கள், அழுத கையோடு இங்கே கிளம்பி வந்துவிட்டார்கள்.

மாளிகையாவது மண்ணாங்கட்டியாவது, அது நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றிய பம்ப் ஹவுஸ். மஞ்சள் கட்டடத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். அங்கே மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணனுக்குக் கறுப்புப் போர்வை போர்த்திப் படகில் உட்கார வைத்தார்கள். தலையில் ஒரு நரை இல்லாதவன் ஒரே நாளில் கிழவனாகி, ஊமையுமாகிவிட்டான். படகுச் சவாரி நிர்வாகம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: ஆள் முன்னால் வாய் திறக்கக் கூடாது.

அதைப் போய் யாரிடம் சொன்னார்கள்? தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் அவன். பல் தேய்க்கும்போது பேசி, நுரையைச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவன். பகலெல்லாம் அடக்கி வைத்ததை வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கொட்டுவான். அண்ணி துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் குரல் சின்னக் குரல், சமையலறையில் பேசினால் வாசலுக்குக் கேட்காது. "உனக்கும் சேர்த்து நான் பேசிட்டேன், விடு" என்று சிரிப்பான் அண்ணன்.

தீவைக் கூட்டிப் பெருக்கும் வேலை அண்ணிக்கு. கடைசிக் கூட்டம் கிளம்பிய பிறகு குப்பையை வாரிக்கொண்டு சின்னப் படகில் தானே வந்துவிடுவாள். அவள் கரை சேரும் நேரத்தில் நான் ஒலிபெருக்கியைப் போட்டு நாவலின் கடைசிப் பக்கத்தை வாசிக்கத் தொடங்குவேன். "ஏரியில் ஒரு பெண் தொலைந்துவிட்டாள். அவளைக் கூப்பிடுங்கள்." உடனே படித்துறை முழுக்க நிற்கிறவர்கள் "கரைக்கு வா" என்று கத்துவார்கள். கடைசிப் பேருந்து ஹாரன் அடிக்கும்வரை விடமாட்டார்கள். நிர்வாகம் காசு வாங்காமல் கொடுத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

அன்றைக்குப் பனி வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கிவிட்டது. எதிரே நின்ற படகே நிழல் மாதிரித்தான் தெரிந்தது. கூட்டத்துக்கு ஏகக் குஷி, அப்படியே புத்தகத்தில் உள்ளது மாதிரி இருக்கிறதாம். நான் வாசித்து முடித்தேன். அவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கூண்டுக்கு வந்தான்.

"உங்க அண்ணி வந்துட்டாளா?"

"இல்லையே. உன்கூட வரலையா?"

"சின்னப் படகைக் காணோம். துறையில இல்ல."

பக்கத்தில் நின்ற பெண் தோழியின் கையைப் பிடித்து, "ஊமை பேசுறார் பாரு" என்று கிசுகிசுத்தாள்.

அண்ணன் படகைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் போனான். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, காதுதான் கதி. "ஏம்மா, எங்கம்மா இருக்க? குரல் குடு" என்று அவன் கூப்பிட்டது கரைக்குக் கேட்டது. கேட்டதும் கூட்டம் சிலிர்த்துப்போய் இரண்டு மடங்காகக் கத்தியது. அவன் மறுபடி கூப்பிட, இவர்கள் மறுபடி கத்த, அந்தச் சின்னக் குரல் எங்கேயிருந்து பதில் சொன்னாலும் அவன் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

"கத்தாதீங்கய்யா, எனக்குக் காது கேக்கணும்" என்று ஏரிக்குள்ளிருந்து அலறினான். கரையில் கை தட்டினார்கள்.

நான் ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். "ஏரியில நிஜமாவே ஒரு பொண்ணு தொலைஞ்சுட்டா. தயவுசெஞ்சு அமைதியா இருங்க" என்றேன். என் வாயிலிருந்து தினமும் வரும் அதே வரி, அதே கூண்டு, அதே குரல். கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. விளக்கை அணைத்தேன், "ஆஹா" என்றார்கள். கீழே இறங்கி ஓடினேன். முதல் வரிசையில் நின்றவர் காலில் விழுந்து, "அது என் அண்ணிங்க" என்று கதறினேன். அவர் குனிந்து என்னைப் படம் எடுத்துக்கொண்டார். ஓர் அம்மாள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "எவ்வளவு தத்ரூபமா பண்றீங்க" என்று தானும் அழுதாள். நாலைந்து பேருக்குப் புரிந்தது, அவர்கள் பக்கத்தில் நின்றவர்களை அடக்கப் பார்த்தார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் அது எந்த மூலைக்கு?

குளிர் எலும்பைக் கடித்தது. அண்ணி நீச்சல் தெரியாதவள். பனிக்குள் அண்ணன் குரல் இடம் மாறி மாறிக் கேட்டது, ஒருமுறை தீவுப் பக்கம், ஒருமுறை நாணல் பக்கம். கூப்பிடுவதை விட்டுவிட்டு அவன் அழ ஆரம்பித்திருந்தான். அந்த எழுத்தாளர் எதிரே கிடைத்திருந்தால் அன்றைக்கு என் கையால் ஏரியில் அமுக்கியிருப்பேன். நாங்கள் உண்மையைச் சொன்னால் இவர்களுக்கு நடிப்பு. இவர்கள் நம்புவதெல்லாம் அந்த மனுஷன் ஜலதோஷத்தில் எழுதியதைத்தான்.

அப்படி நினைத்த மாத்திரத்தில் கூண்டுக்கு ஓடினேன். விளக்கைப் போட்டு, புத்தகத்தைக் கையில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தினமும் வாசிக்கிற குரலில், அதில் இல்லாத ஒரு பக்கத்தை வாசித்தேன்.

"அப்போது, ஏரியின் நடுவிலிருந்து, அவள் பதில் சொன்னாள். கேளுங்கள்."

படித்துறை அப்படியே அடங்கியது. அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக் காது கொடுத்தார்கள். தண்ணீர் படியில் மோதும் சத்தம் அன்றைக்குத்தான் எனக்கே கேட்டது. அண்ணன் தொண்டை கட்டிய குரலில் "ஏம்மா" என்றான்.

டக். டக். டக்.

படகில் தேங்கும் தண்ணீரை இறைக்க அண்ணி வைத்திருக்கும் தகரக் குவளை, மரத்தில் தட்டும் சத்தம். தீவுப் பக்கமும் இல்லை, நாணல் பக்கமும் இல்லை, நாங்கள் யாரும் நினைக்காத மதகுப் பக்கம். துடுப்பு ஆவேசமாகத் தண்ணீரை அறைந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கறுப்புப் போர்வையில் சுற்றி அண்ணியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் படியேறி வந்தபோது பின்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள். முன்னால் இருந்தவர்கள் அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டு விலகி வழிவிட்டார்கள். மெல்ல மெல்லப் பின்வரிசையும் நிறுத்தியது. பேருந்து ஹாரன் அடித்தது, யாரும் நகரவில்லை.

கூண்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் அவளைக் கிடத்தினோம். பனியில் திசை தப்பிப்போய், தண்ணீர் ஏறி மூழ்கிய படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். விரல்களை நிமிர்த்தவே முடியவில்லை, குவளையை அவள் கையிலிருந்து எடுக்க நாங்கள் இருவரும் பாடுபட்டோம். அண்ணன் அவள் பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்தபடி, "ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாம்மா? ஒரே ஒரு குரல்?" என்று புலம்பிக்கொண்டேயிருந்தான்.

அண்ணி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நான் காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"அவங்க கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன்" என்றாள். "என்னையத்தான் தேடுறாங்கன்னு நெனச்சேன்."

அண்ணனுக்குக் கேட்கவில்லை. "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். அவன் கை அவள் பாதத்தின் மேல் அப்படியே நின்றது. விடியும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.