நாத்தனாரோடு நடந்த போர்

கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருக்கிறேன். மாமியார் கொடுமை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குப் பின்னால் என் நாத்தனார் கம்ப்யூட்டரில் தன் டாங்கிகளை நகர்த்திக்கொண்டிருப்பாள். ஒரே கம்ப்யூட்டர், இரண்டு படைகள். எதிராளியின் தலைநகரைப் பிடித்தால் ஜெயம். ஒருத்தி ஆடும்போது மற்றவள் பார்க்கக் கூடாது. “பாத்தா ஆட்டம் குளோஸ்” என்று மிரட்டுவாள். மவுஸ் சத்தத்தை வைத்தே எத்தனை வண்டி நகர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டபடி நிற்பேன்.

எங்களுடையது காதல் திருமணம். தன் அண்ணன் என்னைக் காதலித்த விஷயம் அந்த வீட்டில் கடைசியாகத் தெரிந்தது இவளுக்குத்தான். அந்தக் கோபத்தை அண்ணன்மேல் காட்ட மனம் வராமல் என்மேல் காட்டினாள். சண்டையெல்லாம் இல்லை; ‘அண்ணி’ என்று மட்டும் கூப்பிடவே மாட்டாள். ‘இந்தா’, ‘தோ பாரு’, அவ்வளவுதான். எனக்கு அது முள்ளாகக் குத்தும். துறைமுகத்துச் சரக்கு ஆபீஸில் வேலை பார்த்த அவளுக்கு இந்த விளையாட்டு என்றால் உயிர். கூட ஆட ஆள் கிடைக்காமல்தான் ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் “ஆடத் தெரியுமா?” என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன். “தோத்துகினே கத்துக்கலாம், குந்து” என்றாள். என்றைக்காவது அண்ணி என்று கூப்பிட மாட்டாளா என்ற ஆசையில் உட்கார்ந்தேன்.

வாராவாரம் தோற்றேன். மேடு எது, சேறு எது, பீரங்கியை எங்கே மறைப்பது என்பதெல்லாம் அடிவாங்கித்தான் பிடிபட்டது. ஒன்று மட்டும் பிடிபடவே இல்லை. என் வண்டி ஒன்றை அவள் மடக்கிவிட்டால், அவள் தலைநகர் இரண்டே கட்டம் தள்ளி இருந்தாலும், மொத்தப் படையையும் திருப்பிக்கொண்டு அதை மீட்க ஓடுவேன். நான் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் மீனவர் வீட்டில் பிறந்தவள். கடலில் ஒரு படகின் எஞ்சின் நின்றுபோனால், பக்கத்துப் படகுகள் வலையைக்கூட விட்டுவிட்டு ஓடும். “வலை போனா பின்னிக்கலாம், ஆளு போனா?” என்பார் எங்கள் நைனா. திரைக்குள் ஆள் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? கை கேட்காது. இதை நாத்தனார் கண்டுகொண்டாள். ஒரு வண்டியை மடக்கிவிட்டு, நான் வரும் வழியில் பதுங்கிக்கொள்வாள். “ஒண்ணுக்காவ எல்லாத்தயும் தொலைக்கிறியே, லூசா நீ?” என்று விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவளுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கடைசி ஆட்டம். வழக்கம்போல் ஒரு வண்டியை மடக்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அப்படியே விட்டேன். பாலத்தைத் தாண்டிப் போய் அவள் தலைநகரைப் பிடித்தேன். அவள் படை முழுவதும் எனக்காக வேறு பக்கம் பதுங்கிக் கிடந்தது. திரும்பிப் பார்த்தவளுக்கு நம்ப முடியவில்லை.

“இன்னா அண்ணி, ஒன் ஆள வுட்டுட்டு பூட்டியே!” என்று கத்தினாள்.

ஜெயித்ததே எனக்கு மறந்து போயிற்று. என்ன சொன்னோம் என்பது அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “மீன் கொழம்பு கீதா, இல்லியா?” என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் மாமியாரே எட்டிப் பார்த்தார்.

இப்போது அவள் அங்கே, நான் இங்கே. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இணையத்தில் ஆடுகிறோம். ஜெயிக்கும் வழி எனக்கு நன்றாகத் தெரியும். போன ஞாயிறும் என் வண்டி ஒன்றை மடக்கினாள். பொறி என்று தெரிந்தேதான் மொத்தப் படையையும் திருப்பினேன். அந்தப் பக்கம் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“வா அண்ணி, வா. ஒனக்காகத்தான் காத்துகினு கீறேன்.”