ஊசி என்ற பூச்சாண்டி

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், சங்கரன்கோவிலில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்தது இது. அதற்கு முன் ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்தேன்.

இங்கே வந்த நாளிலிருந்தே எனக்கு ஓர் எரிச்சல். சாப்பிடாத பிள்ளை, அழுகிற பிள்ளை, சேட்டை பண்ணுகிற பிள்ளை எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் கையில் ஒரே மிரட்டல்தான்: “ஊசி போடச் சொல்லுவேன்.” உயிர் காக்கிற மருந்தை இப்படியா பூச்சாண்டி ஆக்குவது? ஆனால் போகப்போக நானும் அவர்களோடு சேர்ந்து சிரிஞ்சைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகள் கப்சிப் ஆகிவிடுவார்கள், வேலை சீக்கிரம் முடியும்.

அன்று பனவடலிசத்திரத்திலிருந்து ஓர் அம்மா கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்திருந்தார். கூடவே, போன தடவையும் வந்திருந்த ஏழு வயது மகள். அவள் பெஞ்சில் நெளிந்துகொண்டே இருக்க, அம்மா அதட்டினார்:

“ஏட்டி, சும்மா இருக்கியா, சிஸ்டர்ட்ட சொல்லி ஒனக்கும் ஊசி போடச் சொல்லட்டா?”

நானும் வழக்கம்போல் சிரிஞ்சைக் காட்டினேன். அவள் சட்டென்று வலது காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கொளுத்துகிற வெயிலில், பள்ளிக்கூடம் இல்லாத நாளில், முழங்கால் வரை சாக்ஸ் போட்டிருந்தாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. சாக்ஸை இறக்கினேன். கெண்டைக்காலில், ரத்தத்தை நிறுத்த அவளே காப்பித்தூளை அப்பியிருந்தாள். அதற்கு அடியில் பல் பதிந்த காயம். அவள் பிஸ்கட் போட்டு வளர்த்த தெரு நாய்க்குட்டி கடித்து ஆறு நாளாகிவிட்டதாம்.

“ஐயோ, அந்தக் குட்டி முந்தாநாளு செத்துக் கெடந்துச்சே சிஸ்டர்!” என்று அம்மா அலறினார். “ஏம்ட்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா அவுக ஊசி போடுவாவல்லா” என்று என்னைக் கை காட்டினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? ராணுவத்தில் ஆறடி ஆள்கூட ஊசியைக் கண்டு மயங்கி விழுந்ததுண்டு. ஒருவரையும் நான் மிரட்டியதில்லை. வலிக்கும் என்று உண்மையைச் சொல்லித்தான் போட்டேன். அந்த மரியாதையை ஒரு குழந்தைக்குக் கொடுக்க எனக்கு என்ன கேடு வந்தது?

டாக்டர் உடனே வந்தார். காயத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினேன். வெறிநோய் தாக்காமல் இருக்க, காயத்தைச் சுற்றியே ஊசி போட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “வலிக்கும் மக்கா. நெறையவே வலிக்கும். ஆனா இதப் போட்டாத்தான் நீ பொழைப்ப.”

வீறிட்டு அழுதாள். ஆனால் காலை இழுக்கவில்லை. எல்லாத் தவணைகளுக்கும் வந்தாள். இன்று நன்றாக இருக்கிறாள்.

இப்போதும் யாராவது ஊசியைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, முகத்துக்கு நேராகவே திட்டிவிடுகிறேன். அந்தத் திட்டில் பாதி அன்றைக்குச் சிரிஞ்சைத் தூக்கிக் காட்டிய எனக்கு.