பலகையில் ஒரு புள்ளி

என் தம்பியின் படகை அறுக்க வந்தவன் என் மகன்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வெட்கமாகிவிடும்.

காரைக்குடியில் அவன் பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். வீடு இடிக்கிற இடங்களில் கதவு, தூண், ஊறுகாய் ஜாடி என்று வாங்கி வந்து, துடைத்து எண்ணெய் போட்டு விற்பான். பெரிய வீடுகளை ஓட்டலாக்கியவர்கள் அவனிடம் வாங்குவார்கள். அப்படி ஒரு ஓட்டலில் படகு கேட்டார்கள். முழுப் படகு வேண்டாமாம். நடுவில் அறுத்து, முன்பாதியை மூக்கு மேலே இருக்கும்படி நிமிர்த்தி, உள்ளே தட்டு அடித்துப் புத்தகம் அடுக்குவார்களாம்.

நான் பிறந்தது தொண்டிக்குத் தெற்கே கடலோரத்தில். கட்டிக்கொடுத்தது காரைக்குடிக்கு. இங்கே வந்த நாளிலிருந்து யாரிடமும் சத்தமாகப் பேசியதில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவரைத்தான் சொல்லச் சொல்வேன். அவர் சொல்வதற்குள் பஸ் தேவகோட்டை ரஸ்தா நிறுத்தத்தைத் தாண்டிவிடும்.

தம்பியினுடையது எஞ்சின் இல்லாத சின்னப் பாய்ப்படகு. எங்கள் பக்கத்துப் பாய்ப்படகில் நீளமான ஒரு பலகை இருக்கும். அதைக் குறுக்கே வைத்து, ஒரு முனையைப் படகுக்குள் மாட்டி, மறுமுனையைக் காற்று வருகிற பக்கம் கடலுக்கு மேலே நீட்டுவார்கள். காற்று பாயை அழுத்தினால் படகு சாயும். அப்போது ஒருவர் அந்தப் பலகையில் வெளியே போய் உட்கார வேண்டும். அவருடைய கனம்தான் படகை நிமிர்த்தும். காற்று கூடக் கூட அவர் இன்னும் வெளியே தள்ளிப் போவார்.

சின்ன வயதில் கரையில் நின்று நாங்கள் தேடுவது அந்த ஆளைத்தான். தூரத்தில் பாய்க்குப் பக்கத்தில் தனியாக ஒரு புள்ளி தெரிந்தால் ஆள் பலகையில் இருக்கிறார், காற்று இருக்கிறது, படகு சுருக்க வந்துவிடும் என்று அர்த்தம். அப்போதுதான் உலையில் அரிசி போடுவார்கள். அவ்வளவும் பார்த்துத் தெரிந்த பெண்களில் ஒருத்திகூடப் படகில் கால் வைத்ததில்லை. கிடக்கிற துடுப்பைத் தாண்டினாலே எனக்கு அடி விழுந்திருக்கிறது.

தம்பியோடு பலகைக்குப் போய்க்கொண்டிருந்தவர் விசைப்படகு வேலைக்குப் போய்விட்டார். தம்பி காற்றில்லாத நேரம் பார்த்து ஒண்டியாகப் போய் வந்தான். போன ஐப்பசியில் ஒருநாள் அப்படிப் போய் வலையைப் போட்டுவிட்டு வந்தான். மறுநாள் விடிந்தால் வாடைக்காற்று. ஒற்றை ஆளாகப் போய் வலையை எடுக்க முடியாது. அலுத்துப்போய், முன்பே படகைக் கேட்டுவைத்திருந்த என் மகனுக்குப் போன் போட்டு, படகை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். மகன் அப்போதே ஒரு சின்ன லாரியும் இரண்டு ஆட்களுமாகக் கிளம்பினான். தம்பியைப் பார்க்கலாமே என்று நானும் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது பத்து மணி இருக்கும். கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. தம்பி படகுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்திருந்தான். மகன் மரத்தைத் தட்டிப் பார்த்தான்.

“நல்ல கட்டை மாமா. இங்கனயே ரெண்டாப் போட்டுட்டா லாரியில ஏத்துறது லேசு. என்ன சொல்றீக?”

மகன் லாரியிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்து மணலில் வைத்தான். புது ரம்பம். பல்லெல்லாம் வெயிலில் மின்னியது.

“ஏண்டா, ஆளு இருந்தா இதக் குடுப்பியா?” என்று தம்பியிடம் கேட்டேன்.

“ஆளு இருந்தா நான் ஏங்க்கா குடுக்குறேன்? இந்தக் காத்துக்கெல்லாம் இது குதிர மாதிரில்ல பாயும். ஆளுக்கு எங்குட்டுப் போறது?”

“நான் வாரேன்.”

லாரிக்கு வந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். மகனும் சிரித்தான். “பஸ்ஸுல எறங்கணும்னு சொல்லவே ஒனக்கு வாய் வராது. நீ கடலுக்குப் போறியாக்கும். பேசாம இரு ஆத்தா.”

தம்பி பெண்டாட்டி வாயில் கையை வைத்துக்கொண்டாள். “பொம்பள ஏறுனா கடலம்மா பொறுப்பாளா மதினி?”

“கடலும் பொம்பளதான. கோவமான்னு அவகிட்டயே கேட்டுக்கிர்றேன்.”

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தம்பி எழுந்து என்னை மேலும் கீழும் பார்த்தான். “கனம் இருக்கு. காரைக்குடிச் சோறு வீண் போகல” என்றான்.

பாயை முழுதாக விரிக்காமல் அடிப்பக்கத்தைச் சுருட்டிக் கட்டினான். மகன் கரையிலிருந்து, “பாயே வேணாம் மாமா, எறக்கிட்டுத் துடுப்புப் போடுங்க!” என்று கத்தினான். கரையில் நிற்பவருக்கு அப்படித்தான் தோன்றும். பாயில்லாத படகுக்கு ஓட்டம் கிடையாது. ஓட்டம் இல்லையென்றால் சுக்கான் திருப்பினாலும் கேட்காது, அலைக்குக் குறுக்கே புரண்டு கிடக்கும். கொஞ்சமாவது பாய் வேண்டும்.

முதல் அலையிலேயே நான் படகின் நடுவில் உட்கார்ந்து கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“உள்ள உக்காந்து சாமி கும்பிடவாக்கா வந்த? வெளிய போ!”

போனேன். பயந்தால் உடம்பு உள்ளே பார்த்துத்தான் ஒண்டும். இங்கேயோ காற்றுக்கு நேராக, கீழே தண்ணீர் ஓட, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர வேண்டியிருந்தது. ஒவ்வொரு சாணாக நகர்ந்தேன். நான் நகர நகரப் படகு நிமிர்ந்தது. என் உடம்பால் ஒன்று நிமிர்வதை அன்றுதான் பார்த்தேன்.

பெரிய அலை வந்தால் தம்பி மூக்கை நேராகக் கொடுக்கவில்லை. கொஞ்சம் ஒதுக்கி, படகின் கன்னத்தில் வாங்கினான். படகு ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, சரிந்து இறங்கியது. காற்று முரட்டுத்தனமாக அடித்தபோது கையிலிருந்த பாய்க்கயிற்றை ஒரு முழம் விட்டான். பாய் படபடவென்று அடித்துக் காற்றைக் கொட்டிவிட்டு மறுபடி நிறைந்தது. அந்தக் கயிற்றை அவன் எங்கேயும் கட்டிவைக்கவே இல்லை. கட்டினால் நேரத்துக்கு அவிழ்க்க முடியாது.

நடுவில் காற்று சட்டென்று விழுந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பாயில் காற்று இல்லாததால் என் கனத்துக்குப் பலகை கீழே போய், இடுப்பளவு கடலில் உட்கார்ந்திருந்தேன்.

“காத்து விழுந்தா உள்ள வரணும்க்கா! தண்ணியப் பாரு. அங்குட்டுக் கறுத்துக்கிட்டு வந்தா காத்து வருது. கறுத்தா வெளிய, வெளுத்தா உள்ள!”

அதற்கப்புறம் தண்ணீரை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. கறுத்தது, வெளியே போனேன். வெளுத்தது, உள்ளே வந்தேன். கடலம்மா கோபித்தாளா இல்லையா என்று கேட்க நேரமே இல்லை.

வலை கிடந்த இடத்தில் தம்பி கயிற்றை விட்டுப் பாயை இறக்கி, வலையின் ஒரு தலையை முன்னால் கட்டினான். மூக்கு காற்றைப் பார்த்து நின்றது. அவன் இழுக்க, நான் பாதியாக வெட்டிய எண்ணெய் கேனால் உள்ளே வந்த தண்ணீரை இறைத்தேன். நண்டும் திருக்கையும் கொஞ்சம் இருந்தன. ஓரிடத்தில் வலை கிழிந்திருந்தது.

திரும்பும்போது காற்று மறுபக்கம். பலகையை உருவி எதிர்ப்பக்கம் மாட்ட வேண்டும். மாட்டி முடிக்கிறவரை படகைத் தாங்க ஒன்றும் கிடையாது. தம்பியின் ஒரு கையில் சுக்கான், மறுகையில் பாய்க்கயிறு.

“இரு, இந்த மூணு அலையும் போகட்டும்... இப்ப!”

உருவினேன், தூக்கினேன், மாட்டினேன். முழங்கை தோல் உரிந்தது பிறகுதான் தெரிந்தது.

கரையில் மகன் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “கிறுக்குப் புடிச்சிருச்சா ஆத்தா ஒனக்கு?” என்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் இறங்கவில்லை.

“அறுக்குறதுன்னா நான் உக்காந்திருக்கும்போதே அறு. எந்தப் பாதி வேணும்னு பாத்துக்க.”

“ஓட்டல்காரவுகளுக்கு என்ன பதில் சொல்றது?”

“படகுக்கு ஆளு இருக்குன்னு சொல்லு.”

தம்பி பெண்டாட்டி வந்து கையைப் பிடித்து என்னை இறக்கினாள். காதோரம் குனிந்து, “புள்ளி தெரிஞ்சுச்சு மதினி. அரிசியப் போட்டுட்டேன்” என்றாள்.

லாரி ஆட்களும் மகனும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மகன் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. நான் வாரத்தில் மூன்று நாள், விடியற்காலை முதல் பஸ்ஸில் தம்பி படகுக்குப் போய் வருகிறேன். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், பேசட்டும். இறங்குகிற இடத்தை நானே சொல்கிறேன்.

அன்றைக்கு இருந்த கோபத்தில் மகன் ரம்பத்தை மணலிலேயே விட்டுப் போய்விட்டான். தம்பி அதைக்கொண்டு ஒரு கட்டையை அறுத்து, நான் கால் ஊன்றிக்கொள்ளப் பலகையின் நுனியில் அடித்துத் தந்திருக்கிறான்.